பசி என்று நினைத்துத் தீனி போட்டோம்

போன மார்ச்சில் என் மகளுக்கு ஏழு வயது முடிந்தது. பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, யோசிக்காமல் "மீன்" என்றாள். அவள் அப்பாவுக்கு ஓசூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதனால் வாங்குவது, தூக்கி வருவது, வைப்பது எல்லாம் என் தலையில். நாங்கள் இருப்பது கொரட்டூர். கொளத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. வண்ண மீன் என்றால் சென்னையில் எல்லோரும் கைகாட்டுவது கொளத்தூரைத்தான். தெருவுக்குத் தெரு மீன் கடை, மொட்டை மாடிகளில்கூட சிமெண்ட் தொட்டி கட்டிக் குஞ்சு எடுப்பார்கள். அங்கே போனால் எல்லாம் சொல்லிக்கொடுத்து விடுவார்கள் என்று நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

என்ன வாங்கினேன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி, மூடி விளக்கோடு 1,800 ரூபாய். இரும்பு ஸ்டாண்டு 1,400. உள்ளே பொருத்தும் ஃபில்டர் 450. கலர் கல் பத்து கிலோ 300. ஹீட்டர் 400. பின்னால் ஒட்டும் படம், பிளாஸ்டிக் செடி, பொம்மை 250. தீனி 80. குளோரின் எடுக்கும் சொட்டு மருந்தும் மீன் நோய்க்கான நீல மருந்தும் 60. மீன்கள்: நியான் டெட்ரா பத்து, கோல்டு ஃபிஷ் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, கண்ணாடி சுத்தம் பண்ணும் என்று ஒரு சக்கர். மீனுக்கு மட்டும் 560. ஆட்டோவோடு சேர்த்து 5,500 ரூபாய் ஆனது. "இன்னைக்கே மீன் விடலாமா?" என்று நான் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. "தாராளமா விடுங்க மேடம், அந்தச் சொட்டு மருந்து ஒரு மூடி ஊத்திட்டு விட்டுடுங்க" என்றார் கடைக்காரர். அந்த ஒரு பதிலை நம்பியதற்குத்தான் அடுத்த ஒரு மாதம் அழுதோம்.

அன்று மாலையே தொட்டியை வைத்து, சம்ப் (தரைக்கடித் தொட்டி) தண்ணீரை நிரப்பி, மீன்களை விட்டோம். விளக்கைப் போட்டதும் நியான் பத்தும் நீலக் கோடும் சிவப்புக் கோடுமாக ஒரே திசையில் திரும்பின. என் மகள் ஒரு நோட்டில் தேதி போட்டு "மொத்தம் 15" என்று எழுதினாள். தினமும் காலையில் எண்ணி எழுதப் போவதாகச் சொன்னாள். அந்த நோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கிறது.

திங்கள் நன்றாகப் போனது. செவ்வாய் மாலை தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்தது. புதன் காலை எண்ணிக்கை 14. ஒரு நியானைக் காணோம், ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தவள் கூப்பிட்டாள். "அம்மா, பசிக்குதும்மா பாரு, எல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது." நானும் போய்ப் பார்த்தேன். இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்து மென்றுகொண்டே இருந்தன. ஏஞ்சல் ஒன்று தலையை மேலே தூக்கிச் சாய்ந்து நின்றது. பாவம், பசிதான் போல என்று இரண்டு சிட்டிகை தீனி போட்டேன். அவளும் தன் பங்குக்கு ஒரு சிட்டிகை போட்டாள். அது பசி இல்லை. மூச்சு முட்டி மேலே வந்திருந்தன. நாங்கள் போட்ட தீனியும் அடியில் கிடந்து அழுகி, தண்ணீரில் விஷத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. மீன் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், செவுள் வேகமாக அடித்தால், அன்றைக்குத் தீனியை அறவே நிறுத்துங்கள். கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். ஏர் பம்ப் இருந்தால் போடுங்கள். இந்த ஒன்றை மட்டும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் பாதி மீனாவது பிழைத்திருக்கும்.

கடைக்குப் போன் போட்டேன். தண்ணீரை முழுசாக மாற்றி நீல மருந்து போடச் சொன்னார்கள். அன்றிரவு மீன்களை வாளியில் எடுத்து வைத்துவிட்டு, கல்லைக் கொட்டிக் கழுவினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்க்கடியில் பிடித்துப் பிழிந்து பிழிந்து பளிச்சென்று ஆக்கினேன். அன்றுதான் எங்கள் குடியிருப்பில் சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். குழாயைத் திறந்ததும் வாடை மூக்கில் ஏறியது. ஒரு மூடி சொட்டு மருந்து ஊற்றினேன், போதும் என்று நினைத்தேன். காலையில் விளக்கைப் போடும்போது ஏழு மிதந்தன. பிள்ளை எழுந்து வருவதற்குள் அள்ளி, பேப்பரில் சுற்றி, கீழே வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தேன். ஆனால் அவளுக்கு எண்ணத் தெரியுமே. நோட்டில் 7 என்று எழுதிவிட்டு, ஒன்றும் பேசாமல் பள்ளிக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபடியும் போய் 360 ரூபாய்க்கு மீன் வாங்கி அதே தொட்டியில் விட்டேன். நான் செய்தவற்றிலேயே பெரிய தப்பு இதுதான் என்று இப்போது தெரிகிறது. புதுசாக வந்தவற்றில் ஒன்றின் வாலில் உப்புக்கல் தூவின மாதிரி இரண்டு வெள்ளைப் புள்ளி இருந்தது, நான் கவனிக்கவில்லை. மூன்று நாளில் எல்லா மீன் மேலும் புள்ளி. 380 ரூபாய்க்கு மருந்துகள். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினேன், நாலு நாளில் திரும்பி வந்தது. வெள்ளைப்புள்ளி ஒரு ஒட்டுண்ணி. மீன் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அங்கிருந்து கீழே விழுந்து, பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்துகிற கட்டத்தில்தான் அதைக் கொல்ல முடியும். அதனால் புள்ளி கண்ணுக்கு மறைந்த பிறகும் சீட்டில் போட்டிருக்கிற நாள் வரைக்கும் மருந்தைத் தொடர வேண்டும். மார்ச் முடிவதற்குள் சக்கர் ஒன்றைத் தவிர எல்லாம் போய்விட்டது. மீன், மருந்து, ஒருநாள்கூடத் தேவைப்படாத ஹீட்டர் என்று தண்ணீரில் போனது மட்டும் 1,700 ரூபாய். பணம்கூட ஆறிப்போகும். என் கையால் இத்தனை உயிர் போனதே என்று இராத்திரியெல்லாம் புரண்டேன். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால் "மீன்தானே, விடும்மா" என்றார்கள். எனக்கு அப்படி விட முடியவில்லை.

ஏப்ரல் முழுக்கப் படித்தேன், விசாரித்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அமோனியா வெளியேறுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அதுவும் அமோனியாதான். குளத்திலும் ஏரியிலும் அதைத் தின்கிற பாக்டீரியா எங்கும் இருக்கிறது. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அமோனியா செவுளை எரிக்கும். நைட்ரைட் ரத்தத்தில் ஏறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை, வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா கிடையாது. அது தானாக வந்து, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் முதல் நாளே பதினைந்து மீனை விட்டேன். நாலாம் நாள் அரைகுறையாக ஒட்டியிருந்ததையும் பிளீச்சிங் தண்ணீரில் கழுவிக் கொன்றேன். நீல மருந்தும் அந்த பாக்டீரியாவுக்கு ஆகாது. பாட்டிலில் "நோய்க்கு" என்று போட்டிருக்கிறது, ஆனால் என் மீனுக்கு முதலில் வந்தது நோயே இல்லை.

நம் ஊர்த் தண்ணீருக்கு இது இன்னும் கடுமை. எங்கள் சம்பில் போர் தண்ணீரும் மெட்ரோ வாட்டரும் கலந்து வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைச் சொல்லும் டி.டி.எஸ். 900 காட்டியது, புளிப்புத்தன்மையா காரத்தன்மையா என்று சொல்லும் பி.எச். 8. ஒரே அளவு அமோனியாவாக இருந்தாலும், பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறும்போது அதில் கொல்லுகிற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. சூடு ஏற ஏற அதுவும் கூடும். மார்ச் மாதக் காலையிலேயே என் தொட்டியில் 29 டிகிரி. நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீன், உப்பில்லாத, கொஞ்சம் புளிப்பான, குளிர்ந்த தண்ணீருக்குப் பழகியது. அதை நான் விட்ட தண்ணீரில் அது மூன்று நாள் இருந்ததே பெரிது. கோல்டு ஃபிஷ் கெண்டை இனம். அரையடிக்கு மேல் வளரும், தின்று கழிப்பதும் அதிகம், இரண்டடித் தொட்டி அதற்கு இடமே இல்லை. ஏஞ்சல் வளர்ந்தால் நியானையே விழுங்கும். இந்த மூன்றையும் ஒரே பையில் கட்டிக்கொடுக்கிறார்கள், நாமும் அழகாக இருக்கிறதென்று வாங்கி வருகிறோம். குட்டி ஷார்க் என்று விற்பதை அன்று வாங்காமல் விட்டது என் நல்ல நேரம். அது உண்மையில் ஒரு கெளுத்தி, மூன்றடிக்கு மேல் வளரக்கூடியது.

இரண்டாம் முறை தொடங்கும் முன் முதலில் வாங்கியது சோதனைக் கிட். அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் சேர்த்து 900 ரூபாய். முதல் நாளே மீனுக்குப் பதிலாக இதை வாங்கியிருக்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, இரண்டு பாட்டிலிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு விட்டு, குலுக்கி ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் அமோனியா இல்லை. எனக்கு முதல் முறை மஞ்சள் மெதுவாகக் கலங்கி, வேப்பிலைப் பச்சைக்குப் போய் நின்றது. அட்டையில் அந்தப் பச்சைக்கு நேராக 4 என்று இருந்தது. கண்ணுக்கு அந்தத் தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளிவாகத்தான் தெரிந்தது. தெளிவாக இருக்கிறதே, சுத்தம்தானே என்று இனி எந்தத் தண்ணீரையும் நான் நம்ப மாட்டேன்.

மறுபடியும் கொளத்தூர் போனேன், இந்த முறை கடைக்கு இல்லை. ஒரு சந்தில், மாடியில் கப்பியும் பிளாட்டியும் குஞ்சு எடுக்கிற ஒரு பெரியவர் இருப்பதாகச் சொன்னார்கள். நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் ஒரு சிமெண்ட் தொட்டிக்குள் கையை விட்டு, கறுப்பாய்ச் சகதி படிந்த ஒரு பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுத்தார். அதே தண்ணீரோடு பையில் போட்டுக் கட்டினார். "இதைக் கொழாய்ல கழுவிடாதம்மா. அழுக்குன்னு நெனக்காத, உசுரே இதுலதான் இருக்கு." நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. மீனும் கொடுக்கவில்லை. "மொதல்ல தண்ணி பழகட்டும், அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஸ்பாஞ்சைத் தொட்டியில் போட்டு, அன்றிலிருந்து மீனே இல்லாமல் ஓட விட்டேன். சக்கர் மீனை ஒரு பெரிய டிரம்மில் தனியாக வைத்திருந்தேன். தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போடுவேன், அது அழுகி அமோனியா வரட்டும் என்று. என் மகளுக்கு ஆச்சரியம், "யாருக்கும்மா சாப்பாடு போடுற?" என்றாள். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுக்கு என்றேன். அவளே குழாயில் சொட்டு விட்டு, நிறம் பார்த்து, நோட்டில் எழுத ஆரம்பித்தாள். அமோனியா ஏறியது, பிறகு நைட்ரைட் ஏறியது, பிறகு இரண்டும் இறங்கின. பழைய ஸ்பாஞ்ச் இருந்ததாலும் நம் ஊர்ச் சூட்டாலும் 23ஆம் நாள் இரண்டும் பூஜ்யம் காட்டியது. அடுத்த மூன்று நாளும் தீனி போட்டு, மறுநாளே பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்தோம். வந்தது. அதற்குப் பிறகுதான் மீன்.

எந்த மீன் என்று கேட்டால், உப்பு ஏறிய போர் தண்ணீர் வீடுகளுக்கு என் பதில் கப்பி, பிளாட்டி, மோலி. கடினத் தண்ணீர் இவற்றுக்குப் பழக்கம். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றில் விடுவதும் இந்தக் கப்பியைத்தான். தண்ணீரை மீனுக்கு ஏற்ற மாதிரி மாற்றப் போராடுவதைவிட, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது எவ்வளவோ நிம்மதி. நான் பெரியவரிடம் முதலில் மூன்று பிளாட்டி வாங்கினேன், பத்து நாள் கழித்து இன்னொரு மூன்று. ஆண் இரண்டு, பெண் நாலு. ஆண் அதிகமானால் பெண்ணைத் துரத்தியே சாகடிக்கும். பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. இரண்டாம் தவணை மீனை முதலில் ஒரு டப்பில் இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பார்ப்பது நல்லது, வெள்ளைப்புள்ளி வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு டிரம்மில் சக்கர் இருந்ததால் இரண்டாவது இடம் இல்லை. பயந்துகொண்டே நேராக விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதை வழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சக்கர் மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஓரடிக்கு மேல் வளரும். கீழ் வீட்டு அக்கா, "கொரட்டூர் ஏரியில விட்டுடேன், பொழச்சுக்கும்" என்றார். பிழைத்துக்கொள்ளும், அதுதான் ஆபத்து. தென்னமெரிக்க மீன் அது. நம் ஏரியில் பெருகினால் நாட்டு மீனுக்குத் தீனி இருக்காது, அதன் முள்ளும் செதிலும் மீன்பிடிக்கிறவர்கள் வலையைக் கிழிக்கும். தயவுசெய்து எந்தத் தொட்டி மீனையும் ஏரியில், கிணற்றில், கால்வாயில் விடாதீர்கள். நான் நாலு கடை ஏறி இறங்கி, பெரிய தொட்டி இருந்த ஒரு கடையில் சும்மா கொடுத்துவிட்டு வந்தேன்.

மே மாதம் தண்ணீர் 33 டிகிரி தொட்டது. சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்துவிட்டு, டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் காற்று படும்படி வைத்தேன், இரண்டு டிகிரி இறங்கியது. ஆவியாகிக் குறைகிற அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினேன். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்பதால் மறுபடியும் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கரண்ட் போனால் ஃபில்டர் நின்று ஸ்பாஞ்சில் இருக்கிற பாக்டீரியாவும் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அவசியம். சென்னைக்கு ஹீட்டர் தேவைப்படவில்லை, டிசம்பர் இரவிலும் எங்கள் வீட்டில் 24க்குக் கீழே போகவில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு அது வேறு. குளோரின் சொட்டு மருந்தை மூடிக் கணக்கில் ஊற்றாதீர்கள். இரண்டடித் தொட்டியில் கல், மேலிடைவெளி போக 45 லிட்டர்தான் வரும், பாட்டிலில் உள்ள அளவை லிட்டருக்குக் கணக்குப் போடுங்கள். வாரா வாரம் பத்து பன்னிரண்டு லிட்டர் மாற்றும்போது, ஸ்பாஞ்சை அந்த வெளியே எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை அமுக்கினால் போதும். தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா பிளக்கையும் கழற்றிவிடுங்கள். ஒயர் பிளக் பாயிண்டுக்குக் கீழே தொங்கி மேலே ஏறும்படி இருந்தால், ஒயர் வழியாக இறங்கும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை மறக்கவே கூடாது. தீனி ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. தீனி டப்பா எங்கள் வீட்டில் இப்போது மேல் அலமாரியில்தான் இருக்கிறது.

ஆறு பிளாட்டியும் இருக்கின்றன. ஜூலையில் ஒருநாள் காலை என் மகள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். பாசிச் செடிக்குள் கண்ணும் வாலும் மட்டும் தெரிகிற மாதிரிக் குட்டிகள், எண்ணியதில் பதினொன்று. நோட்டில் 17 என்று எழுதினாள். பெரிய மீன்கள் குட்டியைத் தின்னும் என்பதால் அடர்த்தியாகப் பாசி போட்டேன், அப்படியும் கடைசியில் ஐந்துதான் தேறின. அவற்றில் நாலைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று அதே சிமெண்ட் தொட்டியில் விட்டார்.

என் ஃபில்டருக்குப் பக்கத்தில் இப்போது இரண்டாவதாக ஒரு ஸ்பாஞ்ச் ஓடிக்கொண்டே இருக்கிறது, என் தொட்டிக்கு அது தேவையில்லை. போன மாதம் மூன்றாவது மாடியில் ஒரு பையன் தொட்டி வாங்கப் போவதாகச் சொன்னதும், மீன் வாங்காதே என்று சொல்லி அப்போது இருந்ததை ஈரம் காயாமல் பையில் கட்டிக் கொடுத்தேன். அன்று மாலையே அந்த இடத்தில் புது ஸ்பாஞ்ச் ஒன்றைப் போட்டாயிற்று. அது கறுக்க இன்னும் இரண்டு வாரமாவது ஆகும்.